காசநோய் தேறிய உடம்போடு வெள்ளகவிக்கு: தனியாக மலை நடக்கப் போகிறவர்களுக்கு

காசநோய் சிகிச்சையின் மூன்றாம் மாதத் தொடக்கத்தில் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே மொட்டைமாடிக்கு ஏறினேன். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. பன்னிரண்டாவது படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னப்பா, அங்கே நின்னு யாரைப் பார்க்கிறே?" என்று கேட்டார். காக்காயைப் பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த ஜனவரியில் கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கி, அன்றே திரும்ப மேலே ஏறி வந்தேன். நடுவில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் நான் சரியாகச் செய்ததும் தப்பாகச் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. எனக்கு வந்தது நுரையீரல் காசநோய். நிமோனியா, டெங்கு, டைஃபாய்டு என்று எதிலிருந்து எழுந்தவராக இருந்தாலும், மலைக்குப் புதியவராக இருந்தால், பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயிலிருந்து எழுந்த உடம்பு நடக்கும்போது உண்மையைச் சொல்லாது. குளிர்ந்த காற்று, புது இடம், பல நாள் கழித்து வெளியே வந்த குஷி எல்லாம் சேர்ந்து, "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்றுதான் சொல்லும். பில் மறுநாள் காலையில் வரும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று நடந்த அன்றைக்கு முடிவு செய்யாதீர்கள். மறுநாள் எழுந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"மலை ஏறலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இப்போதைக்கு வேண்டாம்" என்ற மொட்டைப் பதில்தான் வரும். நானும் அப்படித்தான் கேட்டு, அப்படித்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், போன் சிக்னல் உண்டா. அதைப் பார்த்த பிறகுதான் அவர் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, தழும்பு எங்கே இருக்கிறது என்று காட்டினார். மூச்சுத் திறன் பரிசோதனையும், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் சோதனையும் எழுதிக் கொடுத்தார். கிருமி செத்துவிடும், தழும்பு இருக்கும். குணமான பிறகும் சிலருக்கு மூச்சு வாங்குவது அதனால்தான்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. மாத்திரை நடந்துகொண்டிருக்கும்போதே சமவெளியில் பயிற்சியைத் தொடங்கலாம். என் டாக்டர் நான்காம் மாதத்தில் சரி என்றார். ஆனால் பெரிய மலையை மாத்திரை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்துகளில் நடக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் மூன்று இருக்கிறது. எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். வெயிலில் நடக்கிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, சிறுநீர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்பது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. குடிக்கும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். நான் ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் நான்கு கோடு போட்டு, மணிக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஐசோனியாசிட். சிலருக்கு இதனால் பாதத்தில் ஊசி குத்துவதுபோல இருக்கும், மரத்துப் போகும். அதைத் தடுக்கத்தான் பி6 வைட்டமின் மாத்திரையும் கூடவே தருகிறார்கள். பாதம் மரத்த கால் கல் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. வெள்ளகவியில் இது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன்.

பைரசினமைடு மூட்டுவலி தரக்கூடியது. முதல் இரண்டு மாதத்தில் முட்டி வலித்தால் வயதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். டைஃபாய்டுக்கோ வேறு தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரியான மருந்து சாப்பிட்டவர்கள் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரைக் கவனிக்க வேண்டும். அந்த மருந்துகள் அதைப் பலவீனப்படுத்தலாம், சிகிச்சை முடிந்து சில மாதம் வரைகூட. அங்கே வலி இருந்தால் செங்குத்தான பாதை வேண்டவே வேண்டாம்.

நாற்பது பக்க நோட்டு

மறுநாள் காலை என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு நோட்டு வேண்டும். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பத்து நாள் எண்ணினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். எனக்கு 72. பயிற்சிக்கு மறுநாள் அது 10-க்கு மேல் கூடியிருந்தால், நேற்று நடந்தது அதிகம் என்று அர்த்தம். அன்று ஓய்வு. மறுபடி 72 பக்கம் வரும்வரை ஓய்வு. அப்புறம் பழைய தூரத்தையே இன்னொரு முறை நடக்க வேண்டும், கூட்டக் கூடாது.

நாடிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று: இரவு தூக்கம், இருமல், வாரம் ஒரு முறை எடை. நடக்க நடக்க எடை குறைந்தால் மற்றவர்கள் பாராட்டுவார்கள். காசநோய்க்காரருக்கு அது கெட்ட செய்தி. என் நோட்டில் ஜூன் மாதம் இரண்டு கிலோ குறைந்தது பதிவாகியிருக்கிறது. நடையைக் கூட்டினேன், சாப்பாட்டைக் கூட்டவில்லை. அன்றிலிருந்து நடந்து வந்ததும் இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, மாலையில் சுண்டல்.

மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் ரத்தம், இவை மூன்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு மாதம் இருமலுக்கு சிரப் மட்டுமே எழுதிக்கொடுத்த ஓர் இடத்தில் நான் காலத்தைக் கழித்தவன். சளியைச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

பழனியில் பாடம்

திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி. மலைக்கு அடியிலேயே மலை ஏறிப் பழக இடம் இருக்கிறது. முதல் ஆறு வாரம் தட்டையான சாலையில் நடந்தேன், 15 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை. பிறகு பழனி.

பழனி மலைக் கோயிலுக்குப் படிப்பாதையில் எழுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள். யானைப்பாதை சுற்றிச் சுற்றிச் சாய்வாகப் போவது. முதலில் யானைப்பாதையில் ஏறி, அதிலேயே இறங்குங்கள். மூன்று முறை மறுநாள் நாடி நல்லபடி இருந்தால் படிப்பாதை. அங்கே ஏறும்போது வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று" என்று மூன்று வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். இரண்டாவது வரியிலேயே மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். பக்கத்தில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழனியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஏறினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பது இன்னொரு வசதி.

மூச்சு வாங்கும்போது வாயைத் திறந்து இழுக்காதீர்கள். மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். பழகிக்கொண்டால் மலையில் இது ஒன்றே பாதி வேலையைச் செய்யும்.

தைப்பூசத்துக்குள் ஏறிவிடுவேன், இத்தனையாம் தேதி மலை நடப்பேன் என்றெல்லாம் வேண்டிக்கொள்ளாதீர்கள். என் அம்மா எனக்காக ஒன்று வேண்டியிருந்தார். தேதியைக் குறிக்காமல் வேண்டியதால் தப்பித்தேன்.

இறக்கம் முதலில் வரும் மலை

புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சிகரம் ஏறும் பயணத்தில் கஷ்டம் முதலில். முடியவில்லை என்றால் திரும்பலாம், திரும்பும் வழி இறக்கம். தொட்டபெட்டா மாதிரி. 2,637 மீட்டர், நீலகிரியில் அதுதான் உயரம். ஊட்டியிலிருந்து நடந்து ஏறினாலும், பாதியில் களைத்தால் வந்த சாலையிலேயே இறங்கிவிடலாம். வட்டக்கானல் பக்கம் எல்லாமே தலைகீழ். நீங்கள் நிற்கும் இடம்தான் உச்சி. டால்பின் மூக்குப் பாறைக்கு இறக்கம். அதைத் தாண்டி வெள்ளகவிக்கு இன்னும் ஆயிரம் அடிக்கு மேல் இறக்கம். இறங்கும்போது மூச்சே வாங்காது, பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். ஏற்றம் முழுக்க, காலும் நெஞ்சும் களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு, கடைசியில் காத்திருக்கும்.

அப்படியே கீழே கும்பக்கரைக்கு இறங்கி, பெரியகுளத்தில் பஸ் பிடித்தால் ஏற வேண்டாமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த வழியில் திரும்புவது என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அடிவாரம் வரை ஒரே இறக்கம் என்பது முட்டியையும் தொடையையும் நாள் முழுக்க உரலில் இடிப்பது. படுக்கையில் கிடந்த உடம்பு முதலில் இழப்பது தொடைச் சதையைத்தான். நான் இதை வேண்டாம் என்று விட்டேன். நீங்களும் முதல் வருடம் விட்டுவிடுங்கள்.

சரி, இறங்கி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அது திடமான ஆளுக்கு. தேறிவரும் ஆள் அதை இரட்டித்துக்கொள்ள வேண்டும். அதைவிட நல்லது சொந்தக் கணக்கு. டால்பின் மூக்குப் பாறை வரை மட்டும் ஒரு நாள் போய்வந்து, இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இறங்க 35 நிமிடம், ஏற 1 மணி 10 நிமிடம். ஆக, என் உடம்பின் விகிதம் ஒன்றுக்கு இரண்டு.

இந்த விகிதம் தெரிந்தால் திரும்பும் நேரத்தைக் குறித்துவிடலாம். காலை 6:45-க்குக் கிளம்பி, 10 மணிக்குத் திரும்பினால் இறங்கியது 3 மணி 15 நிமிடம். ஏற 6 மணி 30 நிமிடம் ஆகும். மேலே வந்து சேர மாலை 4:30. ஜனவரியில் ஆறேகால் வாக்கில் பொழுது சாயும், அதற்கு முன் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது. ஆகவே 10 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். ஊர்க் கோயில் மணி காதில் கேட்கும் தூரத்தில் நின்றாலும் திரும்ப வேண்டும்.

"தனியாக" என்றால் என்ன

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, ஆன்லைனில் முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. வட்டக்கானல்–வெள்ளகவி தடமும் அதில் உண்டு. தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தனியாக எங்கே போவது? வழிகாட்டி கூடவே வருவார். ஆனாலும் நண்பர்கள் இல்லாமல் போனால் அது தனிப் பயணம்தான். உங்களுக்கு மூச்சு வாங்கினால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள் கூட இல்லை. வழிகாட்டிக்கு உங்கள் வழக்கமான முகம் எது, களைத்த முகம் எது என்று தெரியாது. அதனால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. காசநோய் என்றால் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். சிகிச்சை முடிந்து குணமானவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது, இதைச் சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை. நான் சொன்னதும் அந்த அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை முழுசா முடிச்சீங்களா தம்பி?"

அந்தப் பாதைக்கும் நோய்க்கும் பழைய உறவு. 1845-ல் மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியதே சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்துதான். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வண்டி போகும் மலைச்சாலை (காட் ரோடு) வரும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் குதிரையிலும் ஆட்கள் தூக்கும் நாற்காலியிலும்தான் மேலே வந்தார்கள். வெள்ளகவி நெடுங்காலம் ரோடு இல்லாமலே இருந்த ஊர். அங்கே யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் டோலி கட்டி இந்த ஏற்றத்தில் தூக்கி வருவார்கள். நீங்கள் பாதியில் விழுந்தாலும் அதே டோலிதான், அதே தோள்தான். அவர்களுடைய ஒரு நாள் தோட்ட வேலையைக் கெடுத்துத் தூக்கவைக்கும் அளவுக்கு என் ஆசை பெரியதில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்கு உதவியது.

மேலே போய் நான்கு நாள்

கொடைக்கானலுக்கு வந்த மறுநாளே மலைப்பாதையில் இறங்காதீர்கள். 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. மலைநோய் என்று சொல்வது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும், கொடையில் அரிது. ஆனால் தழும்பு விழுந்த நுரையீரலுக்கு இந்த ஐந்தில் ஒரு பங்கே தெரியும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் வைத்திருந்தால், வீட்டில் காட்டியதைவிட இங்கே சில புள்ளி குறைவாகக் காட்டும். பதற வேண்டாம். என்ன எண் வந்தால் திரும்ப வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுத் தூங்குவது மட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன்பக்க சீட்டில் உட்காருங்கள். வாந்தியில் போகும் தண்ணீரும் கணக்குத்தான். சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர், தட்டையான பாதை. மூன்றாம் நாள், இரண்டாம் நாளின் நாடி சரியாக இருந்தால், டால்பின் மூக்குப் பாறை வரை. அதற்கு மறுநாள் ஓய்வு. அதன் பிறகுதான் வெள்ளகவி. லீவு போதவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், ஓய்வு நாளைக் குறைக்காதீர்கள்.

மாதம் எது? அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, பாதை வழுக்கும், அட்டை ஏறும். கோடையில் தீ பயம். ஜனவரிதான் என் தேர்வு. ஒரே தொல்லை விடியற்காலைக் குளிர். உறைய வைக்கும் வறண்ட காற்று நேரே நெஞ்சுக்குள் போனால் இருமல் கிளம்பும். மஃப்ளரை மூக்குக்கு மேல் சுற்றிக்கொண்டால் காற்று கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். மங்கிக் குல்லா அழகாக இருக்காது, போட்டுக்கொள்ளுங்கள்.

பையில் நான்கு கிலோவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் இரண்டு லிட்டர், வீட்டிலிருந்து எடுத்து வந்த ஸ்டீல் பாட்டிலில். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. உப்பு–சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு, வேகவைத்த முட்டை, மலைவாழைப்பழம், கடலைமிட்டாய். மழைக் கோட்டு. டார்ச். மருந்துச் சீட்டின் நகல், அதன் பின்பக்கம் வீட்டு போன் நம்பர். ஒரு ஊன்றுகோல், முடிந்தால் இரண்டு. நான் காமிராவை அறையிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த டிசம்பர்

ஜனவரிக்கு முன் டிசம்பரில் ஒரு முறை முயன்று பாதியில் திரும்பியிருக்கிறேன். பழனியில் தேறிவிட்டேன் என்ற தெம்பில், வந்த மறுநாளே கிளம்பினேன். டால்பின் மூக்கைத் தாண்டி ஒரு மணி நேரம் இறங்கியாகிவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். முன்னால் போன வழிகாட்டி திரும்பி ஏதோ கேட்டார், நான் தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டார், மறுபடி தலையாட்டினேன். அவர் நின்றுவிட்டார். "வாயத் தொறந்து பேசுங்க தம்பி" என்றார். வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. சொல்லிப் பார்த்தேன். ஈரேழைத் தாண்டவில்லை.

இறக்கத்திலேயே அந்த நிலைமை. திரும்பினோம். மறுநாள் காலை நாடி 96. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்று வெள்ளகவி வரை போயிருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

நடக்கும் நாள்

காலை 5 மணிக்கு எழுந்து, நாடி எண்ணி, இட்லியோ உப்புமாவோ வயிற்றைக் கனக்கவைக்காத ஒன்றைச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு ஒரு மெசேஜ்: எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்பி மெசேஜ் போடுவேன், போடாவிட்டால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும். டால்பின் மூக்குக்குக் கீழே சிக்னலை நம்பாதீர்கள்.

டால்பின் மூக்கு வரையான பாதையில் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்து படிக்கட்டுபோல் குறுக்கே கிடக்கும். பனி ஈரத்தில் அவை கல்லைவிட வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கும் வேருக்கும் நடுவே மிதியுங்கள். அதைத் தாண்டியதும் பாதை செங்குத்தாகும், உருளும் கற்கள் தொடங்கும். இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியைக் கொஞ்சம் மடக்கியபடியே வைத்திருங்கள். தொடை நடுங்க ஆரம்பித்தால் அது எச்சரிக்கை. இந்தப் பகுதியில் காட்டுமாடு உண்டு, கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே வரும். எதிரில் நின்றால் சத்தம் போடாமல் விலகி நின்று அதற்கு வழிவிடுங்கள். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள், செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள்.

இருபது நிமிடம் நடை, ஐந்து நிமிடம் நிற்பது. களைப்பு வந்த பிறகு நிற்பது தாமதம். கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள், களைப்பு இல்லாவிட்டாலும் நில்லுங்கள். உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குத் தனி முயற்சி வேண்டும், அதனால் கோலில் சாய்ந்து நிற்பதே மேல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு மடக்குத் தண்ணீர், ஒன்று விட்டு ஒன்றில் ஏதாவது ஒரு வாய் சாப்பாடு.

காபித் தோட்டங்கள் வந்தால் ஊர் நெருங்கிவிட்டது. வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கம் இல்லை. ஊர் முழுக்கக் கோயில்கள், ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐசோனியாசிட் பற்றிச் சொன்னேனே, அது இங்கேதான் வேலைக்கு வருகிறது. என் இடது கால் விரல்களில் மரமரப்பு அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊரைச் சுற்றிவிட்டு எல்லைக்குத் திரும்பி, ஷூவைப் போடும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே அரை அங்குல நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது. எப்போது குத்தியது என்றே தெரியாது. தண்ணீர் விட்டுக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, உலர்ந்த சாக்ஸ் மாட்டினேன். மரமரப்பு உள்ளவர்கள் கண்ணால் பார்த்துத்தான் காலை நம்ப வேண்டும்.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தது 9:30. ஒரு வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள். 10 மணிக்குத் திரும்பத் தொடங்கினேன்.

ஏற்றத்துக்கு ஒரு நடை இருக்கிறது. முன்காலை மேலே வைத்ததும், பின்காலின் முட்டியை நேராக நிமிர்த்தி, உடம்பின் பாரத்தை எலும்பின் மேல் ஒரு நொடி இறக்கி வையுங்கள். அந்த ஒரு நொடி தொடைக்கு ஓய்வு. அப்புறம் அடுத்த அடி. பார்க்கிறவர்களுக்குக் கல்யாண ஊர்வலத்தில் நடப்பதுபோல இருக்கும். காய்கறி மூட்டை சுமந்த இரண்டு பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள், அதில் ஒருவருக்கு என் அம்மா வயது இருக்கும். போட்டிக்குப் போகவில்லை. எட்டு அடிக்கு ஒரு நிற்பு என்று தொடங்கி, கடைசி செங்குத்தில் நான்கு அடிக்கு ஒரு நிற்பு என்று ஆனது. நிற்கும்போதெல்லாம் டீ ஊதும் மூச்சு.

மலையில் உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், தலை சுற்றல், உதடு நீலமாவது, பத்து நிமிடம் நின்ற பிறகும் நாடி இறங்காமல் அடித்துக்கொண்டே இருப்பது. இதில் எது வந்தாலும் நடப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து, வழிகாட்டியிடம் சொல்லுங்கள். சிக்னல் உள்ள இடத்திலிருந்து 108.

மதியம் ஒரு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. அதற்குள் ஊருக்கும் டால்பின் மூக்குக்கும் நடுவே பாதிக்கு மேல் வந்துவிட்டேன். பத்தடிக்கு முன்னால் போகும் வழிகாட்டியின் சிவப்புத் துண்டு மட்டும்தான் தெரிந்தது. வட்டக்கானல் டீக்கடைக்கு வந்தபோது 3:40. இறங்கியது 2 மணி 45 நிமிடம், அதை இரட்டித்தால் கணக்குப்படி வர வேண்டியது 3:30. பத்து நிமிடம் கால் பிளாஸ்டருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள்

அன்று இரவே பஸ் ஏறி ஊருக்குத் திரும்பாதீர்கள். வெந்நீரில் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, காலையில் நாடியை எண்ணிய பிறகு மதிய பஸ். எனக்கு 80. எட்டுதான் கூடியிருந்தது. தொடை வலியில் கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, ஆனால் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அடுத்த ஒரு வாரம் நாடி, காய்ச்சல், எடை மூன்றையும் எழுதுங்கள். பெரிய நடைக்குப் பிறகு மூன்றாம் நான்காம் நாளில் சோர்வு வந்து அமுக்குவதும் உண்டு. அந்த வாரத்தில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காசநோய் முடித்தவர்கள் 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் திரும்பப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மலை ஏறினேன், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அதைத் தவிர்க்கிறவர்களைத் தெரியும். என் ஆறாம் மாதம் பிப்ரவரியில் வந்தது. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் டிசம்பர்ப் பக்கத்தில் இருந்த 96-ஐப் பேனாவால் வட்டமிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சளிக்கு டப்பாவை நீட்டினார்.